செந்துளுவன் குலையும் ஐந்து மொட்டுகளும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்லாற்றில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் அதைத்தான் சொல்வார்கள் என்பதால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். பொன்முடி மலை ஏறுகிற வண்டிகள் ஆற்றைப் பார்க்க நிறுத்துகிற இடத்தில் எங்கள் பழக்கடை. இறங்கி வருகிறவர்கள் நாலு பழத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் நடையைக் கட்டினால் நான் சும்மா விடுவதில்லை. மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பேன். நாச்சியாரக்கா கடையில் பழத்துக்கு மட்டும்தான் காசு, ஏச்சு இலவசம் என்று பக்கத்து டீக்கடை பிரேமா சொல்வாள்.

அந்த வாய்தான் என் மகனைப் பாதி பறித்துக்கொண்டது.

வீரபாண்டி எங்களுக்கு ஒரே பிள்ளை. புளியங்குடியிலிருந்து கொத்துவேலைக்கு வந்த நாங்கள் இங்கேயே தங்கி, கடை போட்டு, அவனைப் படிக்க வைத்துக் கழக்கூட்டம் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்பினோம். என் அண்ணன் மகளை அவனுக்கென்று நான் மனதுக்குள் முடித்து வைத்திருந்தேன். அவனோ கூட வேலை பார்க்கிற ஷீஜா என்கிற மலையாளத்துப் பெண்ணை ரெஜிஸ்டர் ஆபீஸில் வைத்துக் கட்டிக்கொண்டு, அன்று மத்தியானம் போன் பண்ணினான். நான் என்னென்னவோ சொன்னேன். கடைசியாக, அந்தப் பெண் என் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்றேன். போனை அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. ஆசீர்வாதம் வாங்குவதற்காக அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாளாம்.

அவள் அப்போது ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து மகன் மூலமாகச் சேதி வந்தது. அம்மா வாய் திறந்து கூப்பிட்டால் வருவேன், இல்லாவிட்டால் வரமாட்டேன். ரோஷக்காரிதான். நான் மட்டும் என்ன குறைச்சல்? நேற்று வந்தவளை நான் கூப்பிடுவதா என்று இருந்துவிட்டேன். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வீரபாண்டி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வருவான், சாப்பிடுவான், நாலு மணிக்கு வாட்சைப் பார்ப்பான். பெற்ற பிள்ளை விருந்தாளி மாதிரிக் கை கழுவிவிட்டுக் கிளம்புவான். என் வீட்டுக்காரர் பிச்சைக்கனி அதிகம் பேசாதவர். கூப்பிட்டுத்தான் தொலையேன் என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அன்றைக்கு அவருக்கு வெறும் ரசம்தான்.

போன கார்த்திகையில் வந்தபோது வீரபாண்டி ஒரு செடியைக் கொண்டுவந்தான். ஆர்க்கிட் என்றான். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் சட்டி. அதில் மண்ணே இல்லை, மரப்பட்டைத் துண்டும் கரியும்தான். நாலு தடித்த இலை, சட்டிக்கு வெளியே சாம்பல் நிறத்தில் நீட்டிக்கொண்டிருந்த வேர்கள், நடுவில் காய்ந்துபோன ஒரு குச்சி. கல்யாணத்தன்று ஷீஜாவின் ஆபீஸ்காரர்கள் கொடுத்ததாம். மூன்று மாதம் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றுவிட்டு, அதற்கப்புறம் ஒன்றுமே விடவில்லையாம். ராத்திரியில் நல்ல குளிர்ச்சி பட்டால்தான் இந்த ஜாதி மறுபடி பூக்கும், இங்கே மலையடிவாரத்தில் ஆற்றுக் காற்று இருக்கிறதே, கொஞ்ச நாள் வைத்திரு அம்மா என்றான். வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீரில் முக்கி வடிய விட்டால் போதும், குருத்தில் மட்டும் தண்ணீர் நிற்கக் கூடாது என்று பாடம் வேறு நடத்தினான்.

அவள் கொடுத்துவிட்டாளா என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றான்.

எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. இரண்டு வருஷமாக என் முகத்தில் முழிக்காதவளுக்குச் செடி வைக்க மட்டும் என் வீடு வேண்டுமோ? அவன் பைக் வளைவு திரும்பியதும் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்புறம் ஆற்றைப் பார்த்த இறவாரத்தில், விறகு அடுக்கியதற்குப் பின்னால் வைத்துவிட்டேன். சாகட்டும் என்றுதான் வைத்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, எத்தனை நாள் தாங்கும் பார்க்கலாம் என்று நினைத்தேன். பிறகு கடையில் சபரிமலைக் கூட்டம், கிறிஸ்துமஸ் லீவுக் கூட்டம் என்று வந்ததில் செடியை மறந்தேபோனேன்.

பொங்கல் கழிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். விறகு தீர்ந்துகொண்டு வந்ததால் பின் அடுக்கிலிருந்து உருவினேன். செடி தெரிந்தது. சாகவில்லை. சாகாததோடு போகவில்லை, கொண்டு வந்ததைவிடப் பச்சையாக இருந்தது. இலைக்கு அடியிலிருந்து என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தண்டு புதிதாகக் கிளம்பி வெளிச்சத்தைத் தேடி வளைந்திருந்தது. முதலில் வேர் என்றுதான் நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன், கணுக்கணுவாக இருந்தது. பூத்தண்டேதான். சட்டிக்குள் பட்டையெல்லாம் ஈரம். இதென்ன மாயம் என்று திரும்பினால், என் வீட்டுக்காரர் கையில் வாளியோடு நிற்கிறார். ஞாயிறு தவறாமல் நான் கடை திறக்கப் போனதும் முக்கி எடுத்து வைத்திருக்கிறார் மனிதர்.

நான் முறைத்தேன்.

"செடி உனக்கு என்னட்டி பாவம் செஞ்சுது?" என்றார்.

ஏச வேண்டும் என்று வாயைத் திறந்தவள், செடி இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அதிகம் குளிர்கிற இடம் அந்த விறகுச் சந்துதான். கொல்ல வேண்டும் என்று நான் பார்த்துப் பார்த்து வைத்த இடத்தில்தான் அதற்கு வேண்டியது கிடைத்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதற்காக அவரிடம் அதைச் சொல்லிவிட முடியுமா? வாளி ஓட்டையாக இருக்கிறது, தரையெல்லாம் தண்ணீர் என்று ஏதோ சத்தம் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

அவர் போனில் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினார். பத்து நிமிஷத்தில் வீரபாண்டி கூப்பிட்டான். படத்தைப் பார்த்துவிட்டு ஷீஜா ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல் சத்தம் போட்டுவிட்டாளாம். பூ விரிந்ததும் அவளே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாளாம்.

அன்று பூராவும் எனக்கு வியாபாரத்தில் புத்தி இல்லை. அவளே வருகிறேன் என்கிறாளே! பூ விரிந்தால் போதும், நான் கூப்பிட வேண்டாம். என் வாயால் ஒரு சொல் சொல்லாமல், என் ரோஷத்துக்கும் பங்கம் வராமல் என் மருமகள் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் வந்துவிட்டால் மகனும் நாலு மணிக்கு வாட்சைப் பார்க்க மாட்டான். இரண்டு வருஷமாக நான் இதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அன்றுதான் விளங்கியது. நான் பேசித் தொலைத்ததை அந்தப் பூ சரிசெய்துவிடும் என்று நம்பினேன்.

அதற்கப்புறம் நடந்த உபசாரத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். வெளியே விட்டால் குரங்கு பிய்த்துப்போடும் என்று செடியை உள்ளறை ஜன்னலுக்கு மாற்றினேன். தண்டு வளர வளர ஈர்க்குச்சி நட்டு நூலால் தளரக் கட்டினேன். செவ்வாய்க்கிழமை தோறும் நானே முக்கி, வடிய விட்டு, குருத்தில் விழுந்த சொட்டை முந்தானையால் ஒற்றி எடுப்பேன். மாசி பிறந்தபோது குன்றிமணி அளவில் ஐந்து மொட்டு. பிறகு சுண்டைக்காய் அளவு. மருமகளைக் கண்ணால் பார்க்கவில்லை, அதற்குள் மருமகள் செடிக்கு இந்த மரியாதையா என்று பிரேமா கேலி செய்தாள். நீ உன் டீயில் பாலை ஊற்றுகிற வேலையைப் பார் என்றேன்.

மாசிக் கடைசியில் முதல் மொட்டு பெரிதாகி நுனியில் வெள்ளை தெரிந்தது. மகனிடம் சொன்னேன். அப்படியானால் வருகிற ஞாயிறு இரண்டு பேரும் வருகிறோம் என்றான்.

முதல் முதலாக வருகிற பெண்ணுக்கு என்ன கொடுப்பது? நகை நட்டுக் கொடுக்க நமக்கு வசதி இல்லை. ஆனால் பழத்தில் என்னை மிஞ்ச இந்த ரோட்டில் ஆள் கிடையாது. விதுரைச் சந்தைக்கு நானே போய், ஒரு செந்துளுவன் குலையைத் தேர்ந்தெடுத்தேன். சிவப்பு வாழையில் அது நல்ல ஜாதி, ஒவ்வொரு காயும் என் முன்கை கனம். வழக்கமாகக் குலைகளைக் கடைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் தொங்கவிட்டுத்தான் மூட்டம் போடுவேன். கதவை அடைத்து, பழைய பானையில் தேங்காய் மட்டையைப் புகைய விட்டு, இரண்டு நாள் திறக்காமல் இருந்தால் ஒன்றுபோல் பழுத்துவிடும். இந்தக் குலையைக் கொட்டகையில் விட மனம் வரவில்லை. யாராவது வண்டிக்காரன் பார்த்து விலை கேட்பான், இவர் தாட்சணியத்துக்குக் கொடுத்துவிடுவார். அதனால் உள்ளறை உத்தரத்தில் கட்டினேன். வாசனைக்குக் குரங்கு வராமல் ஜன்னலை அடைத்தேன். மூட்டப் பானையை வைத்து, கூடக் கொஞ்சம் சாம்பிராணியும் போட்டேன். செடி ஜன்னலோரம் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டும் அவளுக்குத்தானே, ஒரே அறையில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அடைத்த கதவைப் புதன்கிழமை காலையில் திறந்தேன். குலை தங்கச் சிவப்பில் ஜொலித்தது, வாசனை வீட்டைத் தூக்கியது. பெருமையோடு செடியைத் திரும்பிப் பார்த்தேன். ஐந்து மொட்டும் மஞ்சளித்துச் சுருங்கிப்போயிருந்தன. பெரிய மொட்டைத் தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தேன், விசிறினேன், ஈரத்துணியைச் சுற்றி வைத்தேன். சாயந்திரம் இரண்டு விழுந்தன. வியாழக்கிழமை மிச்சம் இரண்டும் போயின. ஒவ்வொன்றையும் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்து நான் அழுததை என் வீட்டுக்காரர் அதற்கு முன் பார்த்ததில்லை.

பூ போனதற்குக்கூட இல்லை அந்த அழுகை. அவள் என்ன நினைப்பாள்? வாசற்படியை மிதிக்காதே என்றவள் செடியையும் கெடுத்துவிட்டாள் என்றுதானே நினைப்பாள். நான் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? சாகட்டும் என்று விறகுக்குப் பின்னால் வைத்த கையும் என் கைதானே. அன்றைக்கு நினைத்த நினைப்புத்தான் இன்றைக்குப் பலித்துவிட்டதோ என்றுகூடத் தோன்றியது.

வீரபாண்டியிடம் சொல்லிவிடு, அவன் பக்குவமாகச் சொல்லிக்கொள்வான் என்றார் இவர். யோசித்தேன். அவன் சொல்வான். அவளும் சரி என்பாள். பூ இல்லை என்றால் வருவதற்குக் காரணமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் தனியாக வருவான், சாப்பிடுவான், நாலு மணிக்கு வாட்சைப் பார்ப்பான். அப்படியே இன்னும் எத்தனை வருஷம்? பூ செய்ய வேண்டிய வேலையைப் பூ செய்யவில்லை. இனி அதைச் செய்ய என்னை விட்டால் ஆள் கிடையாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஷீஜாவுக்குப் போனைப் போடச் சொல்லி இவரிடம் கேட்டேன். நம்பரைத் தேடக்கூட இல்லை, ஒரே தட்டில் போட்டுக் கையில் கொடுத்தார். மணி அடித்ததும், "அப்பா, சாப்பிட்டாச்சா?" என்று ஒரு குரல். அடப்பாவி மனுஷா, எனக்குத் தெரியாமல் எத்தனை நாளாக இது நடக்கிறது! அதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

"நான் நாச்சியார் பேசுதேன்" என்றேன். யாரோ ஆபீசருக்குச் சொல்வதுபோல் பேரைச் சொல்லி வைத்தேன்.

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

"மொட்டு அஞ்சும் விழுந்துட்டு. நான் ஒண்ணும் செய்யல. நம்பினா நம்பு, நம்பாட்டா போ" என்றேன். வாய் எப்போதும் முந்திக்கொள்கிறதே, என்ன செய்ய.

அவள் கோபிக்கவில்லை. மெதுவாக, அந்த ரூமில் பழம் ஏதாவது வைத்திருந்ததா என்று கேட்டாள். குலை தொங்கவிட்டு மூட்டம் போட்டதைச் சொன்னேன். அதுதான் காரணம் என்றாள். பழுக்கிற பழத்திலிருந்து ஒரு காற்று வருமாம், அது பட்டால் இந்த மொட்டுகள் தாங்காதாம், புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாமாம். பாதி தமிழும் பாதி மலையாளமுமாக, நோயாளிக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. முப்பது வருஷமாகப் பழம் விற்கிறேன். காய்க் கூடைக்கு நடுவில் ஒரு பழுத்த பழத்தைச் செருகிவைத்து மற்றதைப் பழுக்க வைக்கிறவள் நான். பழத்துக்கு மூச்சு உண்டு என்று எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூச்சு பூவை உதிர்க்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

"அந்தக் குலை யாருக்குன்னு நினைக்க? நீ மொத மொதல்ல வாறேன்னுதான் சந்தைக்கு நானே போய் எடுத்தேன்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பூவுக்காக நீ வர வேண்டாம். நான் கூப்பிடுதேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, மக்களே." பெற்ற பிள்ளையை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வரேன் அம்மே" என்றாள்.

வந்தாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பைக்கில் வந்ததால் தலையெல்லாம் கலைந்து ஒரு சின்னப் பெண். இவளோடா இரண்டு வருஷம் மல்லுக்கு நின்றேன் என்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கினாள். நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். சாப்பிட்டு முடித்து, குலையிலிருந்து பழம் பறித்துக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

விறகுக்குப் பின்னால் வைத்ததைச் சொன்னேன். சாகட்டும் என்று நினைத்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். வீரபாண்டி அம்மா என்று பதறினான். நான் நிறுத்தவில்லை. இந்த மொட்டு விழுந்தது வேண்டுமானால் தெரியாமல் செய்தது, அது தெரிந்தே செய்தது, நீ அறிந்திருக்க வேண்டும் என்றேன்.

ஷீஜா பழத்தோலைத் தட்டின் ஓரத்தில் மடித்து வைத்தாள்.

"எங்க பெட்ரூமில ஏசி உண்டு அம்மே" என்றாள். "ராத்திரி குறைச்சு வெச்சா அங்கேயே பூத்திருக்கும். எனக்கு முன்னமே தெரியும்."

"பின்ன எதுக்கு இங்க குடுத்து விட்ட?"

"எடுக்கணும்னா வரணுமில்லே" என்றாள். "சும்மா வர எனக்கும் ரோஷம் சம்மதிக்கல."

வீரபாண்டி அவளையே பார்த்தான். அவனுக்கும் இது புதுச் செய்தி. என் வீட்டுக்காரர் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. செடி வளர்க்கிற வித்தையெல்லாம் தெரிந்தும், செத்தாலும் பரவாயில்லை, இங்கே வர ஒரு சாக்கு கிடைத்தால் போதும் என்றுதான் அவள் அதை என்னிடம் விட்டிருக்கிறாள். நான் அதைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். அவள் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். பேச்சு ஒன்றும் வரவில்லை. எனக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது மணி ஆறரை. ஷீஜா உள்ளறைக்குப் போய்ச் செடியை எடுத்துக்கொண்டு வந்தாள். மொட்டு இழந்த தண்டை உடையாமல் ஒரு கையால் பிடித்திருந்தாள். தண்டு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது, வீட்டில் ஏசியில் வைத்தால் கணுவிலிருந்து மறுபடி கிளைக்கும் என்றாள். நான் எழுந்து போய் அவள் கையிலிருந்து சட்டியை வாங்கிக்கொண்டேன்.

"எடுக்கணும்னாத்தான வருவ? எடுக்காத. வந்துக்கிட்டே இரு" என்றேன்.

அவள் என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தோளில் கிடந்த பையைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, நாளைக்கு லீவு சொல்லிவிடலாமா என்று வீரபாண்டியைக் கேட்டாள்.